பிரம்பு போச்சு... பதிலுக்கு என்ன வந்தது? 9-ம் வகுப்பில் திணறும் வாத்தியார்கள்

வேலூர்:

மதிய சாப்பாடு முடிந்து நடக்கும் பீரியட். 9-ம் வகுப்பு. ஃபேன் ஓடுகிறது, காத்துதான் வரவில்லை. வாத்தியார் கரும்பலகை பக்கம் திரும்பியதும் கடைசி பெஞ்சில் இருந்து ஒரு விசில். திரும்பிப் பார்த்தால் அத்தனை முகமும் பச்சைப்பிள்ளை முகம். யாருடா அது என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. மறுபடி கரும்பலகை பக்கம் திரும்பினால் மறுபடி விசில்.

ஒரு காலத்தில் இதற்கு ஒரே பதில்தான். மேஜை மேலே கிடக்கும் பிரம்பு. இன்று அந்த மேஜையில் பிரம்பு இல்லை. இருக்கவும் கூடாது, சட்டம் அப்படி. பிரம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு என்ன வைத்தார்கள் என்று கேட்டால்தான் அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளி என்ற வித்தியாசம் இல்லாமல் ஆசிரியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

பெற்றோர் இன்னமும் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள் என்பது இதில் ஒரு வேடிக்கை. பிள்ளையை பள்ளியில் சேர்க்க வரும்போது "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகும் அப்பாக்கள் இன்றும் உண்டு. அதே அப்பா, பையன் காதில் ரத்தக்கட்டோடு வீட்டுக்கு வந்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பார். நிற்பதும் நியாயம்தான்.

செல்போனில் வெளியே வந்த வகுப்பறை

இந்த விவகாரம் ஊர் பேச்சாக மாறியது 2022-ம் ஆண்டு ஏப்ரலில். வேலூர் தொரப்பாடியில் அரசு மேல்நிலைப்பள்ளி மாணவர்கள் வகுப்பறை மேஜை, பெஞ்சுகளை உடைத்து நொறுக்கும் வீடியோ வெளியாகி பரபரப்பை ஏற்படுத்தியது. அதே மாதம் பக்கத்து திருப்பத்தூர் மாவட்டம் மாதனூரில், ரெக்கார்டு நோட்டு கேட்ட ஆசிரியரை அடிக்கப் பாய்ந்த மாணவனின் வீடியோ. இரண்டையும் எடுத்தது வேறு யாரும் இல்லை, வகுப்பில் இருந்த சக மாணவர்கள்தான்.

அதற்கு முன்பும் வகுப்பறையில் சண்டை நடக்காமல் இல்லை. ஆனால் நான்கு சுவருக்குள் முடிந்த விஷயத்தை இப்போது மாநிலமே பார்க்கிறது.

அந்த ஆண்டு மே மாதம், அப்போது பள்ளிக்கல்வித்துறை அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி சட்டசபையில் பேசும்போது, ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் பள்ளியில் இருந்து நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், டி.சி.யிலும் நன்னடத்தை சான்றிதழிலும் அதற்கான காரணம் எழுதப்படும் என்று அறிவித்தார். ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் கைதட்டினார்கள். குழந்தைகள் உரிமைக்காக பேசுகிறவர்கள், 16 வயது பையனின் வாழ்க்கையை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள் என்றார்கள்.

இதில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், நடுவில் கொஞ்ச நாள் திறந்து மறுபடி மூடி, 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை 2021 செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தன. 15 வயதில் வீட்டுக்குள் போன பிள்ளை 16, 17 வயதில் வெளியே வந்தான். பலர் அதற்குள் மெக்கானிக் ஷெட், ஷூ கம்பெனி என்று வேலை பார்த்து கையில் காசு பார்த்தவர்கள். மறுபடி யூனிபார்ம் போட்டு "எஸ் சார்" சொல்ல வைப்பது லேசான காரியமாக இல்லை. 2022-ல் வந்த வீடியோக்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது ஆசிரியர்கள் பலருடைய எண்ணம்.

ரத்தம் சிந்திய நாட்கள்

வகுப்பறை கோபம் எந்த அளவுக்கு போகும் என்பதற்கு தமிழ்நாட்டில் உதாரணம் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் சென்னை பாரிமுனை பகுதி தனியார் பள்ளி ஒன்றில் 9-ம் வகுப்பு மாணவன், பாடம் எடுக்கும் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். டைரியில் புகார் எழுதி வீட்டுக்கு அனுப்பியதுதான் கோபத்துக்கு காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. டைரியில் எழுதுவது அன்றைக்கு எல்லா பள்ளியிலும் இருந்த சாதாரண நடைமுறை. பிரம்பு கூட இல்லை, வெறும் பேனா.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் இன மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் 8-ம் வகுப்பு மாணவன் பையில் அரிவாளோடு வந்து சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது.

இப்படிப்பட்ட சம்பவங்கள் எப்போதாவது நடப்பவை. இதை வைத்து எல்லா பள்ளியும் ரவுடிகள் கூடாரம் என்று பேசுவது அநியாயம். ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் பாடம் எடுக்கப் போகிறவர் மனசில் ஒரு பயம் ஒட்டிக்கொள்கிறது. அந்த பயத்தோடுதான் அவர் மறுநாள் வருகைப் பதிவேட்டை கையில் எடுக்கிறார்.

தினசரி தலைவலி வேறு. வகுப்பில் பேச்சு ஓயாது. நோட்டு கொண்டு வருவதில்லை. டீச்சருக்கு பட்டப்பெயர். முன் பெஞ்ச் பையன் சட்டையில் இங்க். பாத்ரூம் போகிறேன் என்று போனவன் அடுத்த பீரியடில்தான் திரும்புகிறான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டி மறுபக்கம் காடாக விட்ட "புள்ளிங்கோ" கட்டிங். முடியை வெட்டிக்கொண்டு வா என்று வெளியே அனுப்பினால் பையன் இரண்டு நாள் வருவதே இல்லை. ஊர் சலூன்காரரிடமே போய், இந்த மாதிரி வெட்டி அனுப்பாதீங்க என்று சொல்லி வைத்த தலைமை ஆசிரியர்களும் உண்டு.

ஒவ்வொன்றும் அற்பம்தான். ஆனால் 40 நிமிட பீரியடில் 15 நிமிடம் இதிலேயே போய்விடுகிறது. மிச்ச 25 நிமிடத்தில் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு பாடம் எங்கே நடக்கும்?

சட்டத்தில் இருப்பது என்ன?

தமிழ்நாடு கல்வி விதிகளில் மாணவனை அடிக்க இடம் கொடுத்த விதி 51, 2003-ம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. மத்திய அரசின் கட்டாயக் கல்வி உரிமை சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, குழந்தையை உடம்பாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்கிறது. 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின்படி பொறுப்பில் இருப்பவர் குழந்தையை கொடுமைப்படுத்தினால் ஜெயில் தண்டனை வரைக்கும் போகலாம்.

அடி மட்டும்தான் தண்டனை என்று நினைத்தால் தப்பு. தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறையில் முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைப்பது, கிள்ளுவது, அறையில் பூட்டி வைப்பது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது, மற்ற பிள்ளைகள் முன்னால் கேலி செய்து அவமானப்படுத்துவது என்று எல்லாமே வருகிறது. இந்த நெறிமுறையை தமிழகப் பள்ளிகளில் ஒழுங்காக அமல்படுத்த வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு 2024-ல் உத்தரவிட்டது.

சட்டம் வந்ததற்கு காரணம் இருக்கிறது. அடியில் காது போன பிள்ளைகள், கண் போன பிள்ளைகள், நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு உயிரை மாய்த்துக் கொண்ட பிள்ளைகள் இந்த மாநிலத்தில் இருந்திருக்கிறார்கள். அதனால் பழையபடி பிரம்பைக் கொடுங்கள் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

கேரளாவில் 2025 மார்ச்சில் ஐகோர்ட்டு வேறு ஒரு கோணத்தில் பேசியது. ஆசிரியர் மேல் புகார் வந்தால் உடனே கைது என்று போகாமல் முதலில் போலீசார் பூர்வாங்க விசாரணை நடத்த வேண்டும் என்றது. ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கட்டும், அடிக்கவே வேண்டாம், இருந்தாலே போதும் என்ற அர்த்தத்திலும் கருத்து சொன்னது. நம்ம ஊர் ஆசிரியர்களின் வாட்ஸ்-அப் குரூப்களிலும் இந்த செய்தி ரவுண்டு வந்தது. அதே மாதம் ஆந்திர மாநிலம் விஜயநகரம் மாவட்டத்தில் ஒரு தலைமை ஆசிரியர், உங்களை அடிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை என்று மாணவர்கள் முன்னால் தானே தோப்புக்கரணம் போட்ட வீடியோவும் வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர்கள் சிரிக்கவில்லை.

கண்டுக்காத வாத்தியார்

ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு எடுத்தால் ஒருமித்த கருத்து கிடையாது. ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள் "அடியாத மாடு படியாது" கட்சி. நாங்கள் அடித்து வளர்த்த பையன்தான் இன்றைக்கு பேங்க் மேனேஜராக இருந்து காலில் விழுகிறான் என்பார்கள். அடி வாங்கி பயந்து பாதியில் படிப்பை விட்டவன் காலில் விழ வருவதில்லை, அவன் கணக்கில் வருவதும் இல்லை. இளைய ஆசிரியர்களில் பலர் அடிப்பது அசிங்கம் என்றே நினைக்கிறார்கள். ஆனால் அடிக்காமல் எப்படி என்பதை அவர்களுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பி.எட்.டில் குழந்தை மனவியல் என்று ஒரு பேப்பர் இருக்கிறது. பரீட்சைக்கு படித்தது பரீட்சையோடு போய்விடுகிறது.

ரொம்பவும் கவலைப்பட வேண்டியது மூன்றாவது ரகத்தைப் பற்றி. அவர் அடிப்பதும் இல்லை, திட்டுவதும் இல்லை. எதையும் கண்டுகொள்வதே இல்லை. கடைசி பெஞ்சில் பையன் தூங்குகிறானா, தூங்கட்டும். செல்போன் பார்க்கிறானா, பார்க்கட்டும். வகுப்புக்கே வரவில்லையா, வராவிட்டால் நிம்மதி. முன்னால் உட்கார்ந்திருக்கும் 20 பேருக்கு பாடம் நடத்திவிட்டு மணி அடித்ததும் கிளம்பிவிடுவார். நமக்கு எதற்கு வம்பு, புகார் வந்தால் யார் பதில் சொல்வது, பென்ஷன் வாங்க வேண்டாமா என்பது அவர் நியாயம்.

இவர் மேல் எந்தப் புகாரும் வராது. எந்த வீடியோவிலும் சிக்க மாட்டார். எந்த விசாரணையும் கிடையாது. ஆனால் இவர் கைவிட்ட பையன் யார் என்று பார்த்தால் தெரியும். டியூஷனுக்கு அனுப்ப வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தப்பித்துவிடும். அப்பா லோடு ஏற்றப் போய், அம்மா பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வகுப்பறையை விட்டால் வேறு வழி இல்லை. அடிக்கிற வாத்தியாரை தடுக்க சட்டம் இருக்கிறது. கண்டுக்காத வாத்தியாரை என்ன சட்டம் போட்டு தடுப்பது?

ஆசிரியர்களில் மனசாட்சி உள்ளவர்கள் இதை ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு பையனை இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசி, மூன்றாவது தடவை அவன் முறைத்துப் பார்த்து, ஹெச்.எம்.மிடம் போனால் "நீங்க ஏன் சார் அவன்கிட்ட வாயைக் கொடுத்தீங்க" என்ற பதில் வந்தால், நான்காவது தடவை யாருக்கும் கூப்பிடத் தோன்றாது. கண்டுக்காத வாத்தியார் பிறந்து வருவதில்லை. இப்படித்தான் உருவாகிறார்.

விசில் அடிப்பவன் யார்?

சேட்டை செய்யும் பையன்களை கூர்ந்து பார்த்த ஆசிரியர்கள் சொல்லும் விஷயம் ஒன்றுதான். சேட்டைக்காரர்களில் நிறைய பேருக்கு பாடப்புத்தகத்தை தடங்கல் இல்லாமல் படிக்க வராது.

இது வெறும் வாய்ப்பேச்சு கிடையாது. 2023-ம் ஆண்டு 'ஏசர்' என்ற கல்வி ஆய்வு, நாடு முழுக்க 14 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை பரிசோதித்தது. சுமார் 25 சதவீதம் பேருக்கு தாய்மொழியில் 2-ம் வகுப்பு பாடத்தையே சரளமாக படிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கும் கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தடுமாறினார்கள்.

அந்தப் பையன் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். காலை 9 மணியில் இருந்து மாலை 4 மணி வரை புரியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். எழுந்து படி என்றால் வகுப்பே சிரிக்கும், பக்கத்து வரிசையில் பெண் பிள்ளைகள் வேறு. மக்கு என்று பெயர் வாங்குவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்கு கவுரவம். படிக்கச் சொல்லும் முறை வருவதற்குள் ஏதாவது செய்து வெளியே போய்விட்டால் தப்பித்தான். அவனை வெளியே நிற்க வைக்கும் ஆசிரியர், தண்டனை கொடுத்ததாக நினைக்கிறார். பையன் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

எட்டாம் வகுப்பு வரை ஆல்பாஸ் என்பதால்தான் இப்படி என்று பழியை அங்கே போடுவோர் ஆசிரியர்களிலேயே அதிகம். மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8-ம் வகுப்புகளுக்கு ஆல்பாசை 2024 டிசம்பரில் ரத்து செய்தபோது, தமிழகத்தில் 8-ம் வகுப்பு வரை பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு அறிவித்தது. ஃபெயில் ஆக்கினால் ஏழைப் பிள்ளை பள்ளியை விட்டே போய்விடும் என்பது அதற்கான காரணம். அதிலும் உண்மை இருக்கிறது. ஃபெயில் போடாமல் விடுவது சரி. படிக்கவும் சொல்லிக் கொடுக்காமல் விட்டதுதான் கோளாறு. 6 முதல் 9-ம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு அடிப்படையை தனியாக சொல்லிக் கொடுக்க 'திறன்' என்று ஒரு திட்டம் 2025-ல் தொடங்கப்பட்டது. ஒழுக்கத்துக்காக வந்த திட்டம் இல்லை அது. ஆனால் வகுப்பறை சத்தம் குறைய இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பது அனுபவப்பட்ட வாத்தியார்களின் கணிப்பு.

அடிக்காமலே அடங்கும் வகுப்பு

ஒரே பள்ளி, அதே 9-ம் வகுப்பு. ஒரு டீச்சர் போனால் சந்தைக்கடை, இன்னொரு டீச்சர் போனால் கப்சிப். அந்த இரண்டாவது டீச்சர் கையிலும் பிரம்பு கிடையாது. அப்படி என்னதான் செய்கிறார்கள்?

பெரிய வித்தை எதுவும் இல்லை. முதல் வாரத்திலேயே எல்லோருடைய பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவது. "ஏய் கடைசி பெஞ்ச்" என்று கூப்பிட்டால் கடைசி பெஞ்சே ஒன்று சேரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் ஒருத்தன் மட்டும் எழுந்திருப்பான். கரும்பலகை பக்கமே நிற்காமல் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் எடுப்பது. பேசுகிறவன் பக்கத்தில் போய் ஒன்றும் சொல்லாமல் நின்றாலே பாதி பேச்சு நின்றுவிடும். வகுப்பு சத்தம் போட்டால் அதைவிட சத்தமாக கத்தாமல், குரலைத் தாழ்த்தி, அமைதியாகும் வரை காத்திருப்பது.

எல்லோர் முன்னாலும் வம்புக்குப் போகாததுதான் இதில் முக்கியம். 15 வயதில் ரோஷம் தலைக்கு மேல் இருக்கும். 50 பேர் பார்க்கும்போது பையன் ஒரு அடி கூட பின்வாங்க மாட்டான். அதே பையனை பெல் அடித்த பிறகு வராண்டாவில் தனியாக நிறுத்தி என்னப்பா ஆச்சு, சாப்பிட்டியா என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்பா நேற்று குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த கதை அப்போதுதான் வெளியே வரும்.

சேட்டைக்காரனிடமே பொறுப்பைக் கொடுப்பது பழைய யுக்தி, இன்றும் வேலை செய்கிறது. மணி அடிப்பது, ஸ்மார்ட் போர்டு ஆன் செய்வது, விளையாட்டு விழாவுக்கு கோடு போடுவது என்று எதையாவது கொடுத்தால் நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பி.டி. வாத்தியாரிடம் மட்டும் அடங்கும் பையன்கள் எல்லா பள்ளியிலும் உண்டு. கிரவுண்டில் அவன் மக்கு இல்லையே. பப்ளிக் எக்சாம் வருகிறது என்று பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்ளும் பள்ளிகளில் இந்த ஒரு வழியும் அடைபட்டுப் போகிறது.

தப்பு செய்தால் மட்டும் வீட்டுக்கு போன் போடாமல், நல்லது செய்த அன்றும் ஒரு போன். உங்க பையன் இன்றைக்கு கணக்கு சரியாகப் போட்டான் என்று ஒரு அம்மாவிடம் சொன்னால், அடுத்த தடவை புகார் சொல்லும்போது அந்த அம்மா வாத்தியார் பக்கம் நிற்பார்.

பையனின் அப்பா தொழிலையோ சாதியையோ வீட்டு நிலைமையையோ இழுத்துப் பேசுவது மட்டும் கூடவே கூடாது. இன்னும் சில ஆசிரியர்கள் வாயில் அது வருகிறது. பிரம்படி நாலு நாளில் ஆறிவிடும். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற சொல் ஆறுவதில்லை.

ஆசிரியைகள் படும் பாடு தனி. பெரிய பையன்கள் வகுப்பில் கமெண்ட் அடிப்பது, போனில் படம் எடுப்பது என்று வெளியே சொல்லக் கூசும் விஷயங்கள் இருக்கின்றன. புகார் கொடுத்தால் "நீங்க கண்டிப்பா இருந்தா இப்படி நடக்குமா" என்று கேள்வி அவர்கள் மேலேயே திரும்புகிறது. இந்த இடத்தில் வராண்டாவில் தனியாகப் பேசுவது உதவாது. தலைமை ஆசிரியர் அன்றைக்கே தலையிட வேண்டும்.

தனியாக விடப்பட்ட வாத்தியார்

எந்த ஆசிரியராலும் தீர்க்க முடியாத கேஸ்களும் இருக்கின்றன. பள்ளி அருகே பெட்டிக்கடையில் கிடைக்கும் 'கூல் லிப்' மாதிரி புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அறிவுரை ஏறாது. குட்கா வகைகளுக்கு தமிழ்நாட்டில் 2013-ல் இருந்தே தடை இருக்கிறது. இருந்தும் 2024-ல் ஐகோர்ட்டு மதுரை கிளை மாணவர்களிடம் 'கூல் லிப்' பரவுவதைப் பற்றி கேள்வி எழுப்ப வேண்டி வந்தது. கடையை மூட வேண்டியது போலீசும் உணவு பாதுகாப்புத் துறையும். சமாளிக்க வேண்டியது கணக்கு டீச்சர்.

அந்த மாதிரி பையனை அனுப்பி வைக்க பள்ளியில் மனநல ஆலோசகர் என்று ஒருவர் வேண்டும். சென்னை ஆசிரியை கொலைக்குப் பிறகு நடமாடும் ஆலோசனை மையம் என்று வேன்கள் விடப்பட்டன. மாநிலம் முழுமைக்கும் 10 வேன். ஒரு பள்ளிக்கு ஒரு தடவை வந்தால் அடுத்த தடவை வருவதற்குள் அந்தப் பையன் படிப்பையே முடித்துவிடுவான்.

நாங்குநேரி சம்பவத்தை அடுத்து அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்குள் மாணவர்கள் செல்போன் கூடாது என்பவை மட்டும் பெரிதாகப் பேசப்பட்டன. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதே அறிக்கையில் இருக்கிறது. கயிறு பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதைப்பற்றி நடக்கவில்லை. ஆசிரியர்களைக் கேட்டால் கயிறைவிட இந்த ஆள்தான் வேண்டும் என்பார்கள். பாடம் நடத்தும் கவலை இல்லாமல், மார்க் போடும் அதிகாரமும் இல்லாமல், பையன் சொல்வதைக் கேட்க மட்டும் ஒருவர்.

அப்படி ஒருவர் இல்லாத வரை கடைசி ஆயுதம் டி.சி.தான். எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை பள்ளியை விட்டு நீக்க கல்வி உரிமை சட்டத்தில் இடம் இல்லை. 9-ம் வகுப்பில் அந்த பாதுகாப்பு போய்விடுகிறது. டி.சி. வாங்கிய பையன் பக்கத்து ஊர் பள்ளிக்கு வருகிறான். இல்லாவிட்டால் எந்தப் பள்ளிக்கும் வருவதில்லை. முதல் வகை என்றால் ஒரு வாத்தியாரின் தலைவலி இன்னொரு வாத்தியாருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வகையில் ஒரு பையன் 15 வயதில் தெருவுக்கு வருகிறான். அவனைச் சேர்த்துக்கொள்ள தெருவில் ஆள் ரெடியாக இருக்கிறது.

பெற்றோர் எப்போது வருவது?

பையனின் அப்பா, அம்மாவை அழைத்து வா என்றால் வருவதில்லை என்பது எல்லா பள்ளியிலும் கேட்கும் புகார். பொறுப்பில்லாத பெற்றோர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்கு காலையில் வேன் ஏறும் அம்மா, காலை 11 மணிக்கு பள்ளிக்கு வர வேண்டும் என்றால் அன்றைய சம்பளத்தை விட வேண்டும். கட்டிட வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் அதே கதி. சம்பளத்தை விட்டு வந்த பிறகு அங்கே நாற்காலி கூட கொடுக்காமல் நிற்க வைத்து, "பிள்ளையை வளர்க்கத் தெரியாதா" என்று கேட்டால் அடுத்த தடவை யார் வருவார்கள்? வீட்டுக்குப் போனதும் அந்த அவமானம் எல்லாம் பையன் முதுகில்தான் இறங்கும். பள்ளியில் தடை செய்த பிரம்பு வீட்டில் பெல்ட்டாக மாறும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசு பள்ளியிலும் இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பெற்றோர்கள்தான். கழிவறை ரிப்பேர், சுற்றுச்சுவர், குடிதண்ணீர் என்று தீர்மானம் போடுகிறார்கள். 9-ம் வகுப்பு பையன்களைப் பற்றி பேச்சு எடுப்பது குறைவு. அந்தக் கூட்டத்தையும் வேலை நேரத்திலேயே வைத்தால் கையெழுத்துப் போட வருகிறவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

மாலை 6 மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்தால் வருவார்கள் என்பது ஆசிரியர்களே சொல்லும் யோசனை. அதற்கு வாத்தியாரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வர வேண்டும் என்பதால், யோசனை சொன்னவர்களே அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.